குளத்துத் தூண்டிலை வீட்டிலேயே செய்துகொள்வது எப்படி?

முத்தையன்கட்டுக் குளத்துக்கு அண்மையில் குடியிருக்கும் ஒருவர் கேட்டிருப்பதன் சுருக்கம் இது. கனடாவில் வாழும் அவருடைய மச்சான், உறைந்த ஏரியில் துளையிட்டு மீன் பிடிப்பதற்கான கருவிகளைத் தன் வீட்டிலேயே செய்து, அவற்றின் படங்களை அனுப்பியிருக்கிறார். மீன் கடித்ததும் தானாக நிமிரும் சிவப்புக் கொடியும், ஒரு கை நீளம்கூட இல்லாத சிறிய தடியும் அவற்றுள் இருக்கின்றன. இவற்றைப் பார்த்து நம்முடைய குளங்களுக்கு ஏற்ற கருவிகளை அதிக செலவில்லாமல் செய்துகொள்ள முடியுமா, முடியுமென்றால் எதிலிருந்து தொடங்க வேண்டும் என்று அவர் கேட்கிறார்.

தாராளமாகச் செய்துகொள்ளலாம். ஆனால் தூண்டிலை மீனின் வாயிலிருந்து கைப்பக்கமாகக் கட்டிக்கொண்டு வர வேண்டும். இதுதான் நான் முதன்மையாகச் சொல்ல விரும்புவது. எந்த மீன் என்று தீர்மானித்தால் தூண்டில் முள்ளின் அளவு தெரிந்துவிடும்; முள்ளைப் பொறுத்துத் தங்கூசி எனப்படும் நைலோன் இழையின் தடிப்பும், தங்கூசியைப் பொறுத்து ஈயமும் மிதப்பும் அமையும்; தடி கடைசியில்தான் வரும். நம் இளைஞர்களிற் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். நல்ல மூங்கிலாகத் தேடி வெட்டி, கடற்றொழிலுக்குப் போகும் உறவினர் ஒருவர் கொடுத்த பெரிய முள்ளையும் தடித்த தங்கூசியையும் அதிற் கட்டி, குளக்கட்டில் பகல் முழுவதும் இருந்துவிட்டு, குளத்தில் மீனில்லை என்று வீடு திரும்புகிறார்கள். மீன் இருந்தது, முள்தான் அதன் வாய்க்குள் போகவில்லை.

மச்சானின் கருவிகள் ஏன் அப்படி இருக்கின்றன என்பதை விளங்கிக்கொண்டால், அவற்றில் எதை எடுக்கலாம், எதை விடலாம் என்பது தெளிவாகும். நீர் 4 பாகை செல்சியசில்தான் மிகவும் அடர்த்தியாக இருக்கும். ஆகவே மேற்பரப்பு உறைந்த பிறகும் ஏரியின் அடியில் அந்த வெப்பநிலையை ஒட்டிய நீர் தங்கியிருக்க, மீன்கள் அங்கே உடல் மந்தித்து, மெதுவாக அசைந்து, மெதுவாகவே இரையெடுக்கும். பிடிப்பவர் துளைக்கு நேர்மேலே அமர்ந்திருப்பதால் இரண்டு மூன்று அடித் தடியே அவருக்குப் போதும். நீண்ட தடி இடைஞ்சல். கொடித் தூண்டிலில் தங்கூசி சுற்றிய உருளையை நீருக்குள்ளேயே அமிழ்த்தி வைப்பதற்கும் காரணம் உண்டு: வெளியில் இருந்தால் அது உறைந்து இறுகிவிடும். நம் குளங்களின் நிலைமை இதற்கு நேர்மாறானது. கோடையில் மேல்நீர் 30 பாகையை எட்டும். மீன் விரைந்து கடித்து விரைந்து துப்பும். கரையோரம் தாமரையும் கோரையும் மண்டியிருக்க, நாம் தேடும் மீன் அவற்றுக்கு அப்பால், பத்துப் பதினைந்து அடி தள்ளி நிற்கும். ஆகையால் அவருடைய குட்டைத் தடி நமக்கு உதவாது. கொடி உதவும், சில மாற்றங்களுடன். அதற்குப் பின்னர் வருகிறேன்.

வன்னிக் குளங்களில் தூண்டிலுக்கு அதிகமாக அகப்படுவது திலாப்பியா. ஆபிரிக்காவைச் சேர்ந்த இந்த மீன் 1950களின் தொடக்கத்தில் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டு, இன்று இரணைமடு, வவுனிக்குளம், கட்டுக்கரைக்குளம் போன்ற குளங்களில் மீனவர் பலரின் வாழ்வாதாரமாகவே ஆகிவிட்டது. உடல் பெரிதாக இருந்தாலும் அதன் வாய் சிறியது. இரையைக் கவ்வி இழுக்காமல் உறிஞ்சிப் பார்க்கும்; உள்ளே கடினமாக எதுவும் தட்டுப்பட்டால் உடனே துப்பிவிடும். இதற்கு 8 அல்லது 10 இலக்க முள் பொருத்தமானது. இலக்கம் கூடக் கூட முள் சிறிதாகும் என்பதைக் கடையில் நினைவில் வைத்திருங்கள். தங்கூசி 0.25 முதல் 0.30 மில்லிமீற்றர் தடிப்பாக இருந்தால் போதும். விரால் வேறு வகை. அகன்ற வாயும் கூரிய பற்களும் கொண்டு, தவளையையும் சிறு மீனையும் பாய்ந்து விழுங்கி, உடனே கோரைக்குள் ஓடும் மீன் அது. அதற்கு 1/0 இலக்க முள்ளும் (இப்படி /0 சேர்த்து எழுதுவது 8, 10 இலக்கங்களைவிட மிகப் பெரிய முள்) 0.45 மில்லிமீற்றர் தங்கூசியும் வேண்டும். ஒரே தூண்டிலால் இரண்டையும் பிடிக்க முயல வேண்டாம்.

முள்ளை மட்டும் வீட்டில் செய்யாதீர்கள். குண்டூசியையோ கம்பியையோ வளைத்துச் செய்யும் முள்ளுக்குச் சூடேற்றிப் பதப்படுத்திய உருக்கின் வலு இராது; அரைக் கிலோ மீனின் இழுப்புக்கே நிமிர்ந்துவிடும். முள்ளின் விலை சொற்பம். வாங்கிய பின், நுனியைப் பெருவிரல் நகத்தின் மேல் மெல்ல இழுத்துப் பாருங்கள். நகத்தில் கீறிக்கொண்டு நின்றால் அது கூர். வழுக்கினால் மெல்லிய அரத்தால் உட்பக்கமிருந்து நுனியை நோக்கி இரண்டு மூன்று முறை தீட்ட வேண்டும். தங்கூசியை முள்ளின் காதுக்குள் விட்டு, தன்மேலேயே ஐந்து முறை சுற்றி, நுனியைக் காதை ஒட்டிய முதல் வளையத்துக்குள்ளும், அதனால் உண்டாகும் பெரிய வளையத்துக்குள்ளும் கொண்டுவந்து, இறுக்குவதற்கு முன் உமிழ்நீரால் நனைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த தங்கூசியை இறுக்கினால் உராய்வுச் சூட்டில் முடிச்சு இருக்கும் இடம் நலிந்து, பெரிய மீன் வரும் நாளில் அங்கேயே அறும்.

ஈயத்துக்கு மாற்றாக நம் வீடுகளிலேயே நிறையப் பொருட்கள் கிடக்கின்றன. மோட்டார் சைக்கிளிலிருந்து கழற்றிய பழைய பிளக், தேய்ந்த நட்டு, நடுவில் துளை விழுந்த கல் எல்லாம், மிதப்பில்லாமல் குளத்தின் அடியில் கிடக்கும் அடித்தூண்டிலுக்கு நல்ல பாரங்கள். ஈயத்தை அடுப்பில் உருக்கி வார்க்கும் பழக்கத்தை நான் ஏற்கமாட்டேன். அதன் புகை நஞ்சு; அச்சில் துளி ஈரம் இருந்தாலும் நீராவி வெடித்து, உருகிய ஈயம் முகத்தில் தெறிக்கும். சிறிய ஈயமணிகளைப் பல்லால் கடித்து இறுக்குவதையும் பிள்ளைகளிடம் கண்டால் தடுத்துவிடுங்கள், குறடு இருக்கிறது. இவை எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று: பற்றைக்குள்ளும் கைவிடப்பட்ட காணிக்குள்ளும் கிடக்கும் உலோகத் துண்டு எதையும், அது எவ்வளவு வாகான பாரமாகத் தெரிந்தாலும், தொடக்கூடாது. கண்ணிவெடியும் வெடிக்காத எறிகணையும் முற்றாக அகற்றி முடியாத மண் இது. பிள்ளைகள் பாரம் தேடிப் போகாதபடி, வேண்டியதை நீங்களே ஒரு பேணியில் போட்டு வீட்டில் வைத்துவிடுங்கள்.

மிதப்பைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் திலாப்பியாத் தூண்டிலின் வெற்றி பெரும்பாலும் அதிலேயே தங்கியிருக்கிறது. குளத்தோரத்தில் வளரும் நெட்டியின் காய்ந்த தண்டு, முள்முருக்கின் உலர்ந்த கிளை, தேய்ந்த இறப்பர்ச் செருப்பு ஆகிய மூன்றும் மிதக்கும். மூன்றிலும் நெட்டியே சிறந்தது, ஆனால் விரைவில் ஊறிவிடும் என்பதால் அதற்கு இரண்டு பூச்சு வார்னிஷ் கொடுக்க வேண்டும். சின்னி விரல் தடிப்பிலும் மூன்று அங்குல நீளத்திலும் ஒரு துண்டை வெட்டி, இரண்டு முனையையும் கூராக்கி, அரத்தாளால் தேய்த்து, தென்னோலை ஈர்க்கொன்றை நடுவால் செலுத்தி மேலே ஓர் அங்குலம் நீட்டி விடுங்கள். மேலே நீண்டிருக்கும் ஈர்க்குக்குச் சிவப்பு நெயில் பொலிஷ் பூசினால் தூரத்திலும் தெரியும். மிதப்பின் உச்சியிலும் அடியிலும் சைக்கிள் வால்வு இறப்பரில் வெட்டிய சிறு வளையத்தைப் போட்டு, தங்கூசியை அதற்குள்ளால் விட்டால், ஆழத்துக்கு ஏற்ப மிதப்பை மேலும் கீழும் நகர்த்தலாம்.

இனி அதைச் சமன்படுத்த வேண்டும். ஒரு வாளியில் நீர் நிரப்பி, மிதப்பையும் அதன் கீழே முள்ளையும் இட்டு, சிறு ஈயமணிகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போங்கள். முதலில் மிதப்பு சரிந்து படுத்திருக்கும், பிறகு நிமிரும், பிறகு உடல் மெல்ல அமிழும். ஈர்க்கின் சிவப்பு முனை மாத்திரம், அதுவும் அரை அங்குலம் மாத்திரம், நீருக்கு மேல் தெரியும்போது நிறுத்துங்கள். இன்னும் ஒரு மணி சேர்த்தால் அமிழ்ந்துவிடும் என்ற அந்த எல்லைதான் சரியான இடம். இப்போது மீன் இரையை உறிஞ்சும்போது எதிர்த்து இழுக்கும் விசை ஏறக்குறைய ஒன்றுமே இல்லாததால் அது துப்பாது. மீன் இரையைக் கீழிருந்து எடுத்து மேலே உயர்ந்தால், ஈர்க்கு அமிழாமல் மேலெழும்பிச் சரியும், அதுவும் கடிதான். முழுப் போத்தல் தக்கையை மிதப்பாகக் கட்டுகிறவர்கள், தக்கை முற்றாக அமிழும்வரை காத்திருந்து பல மீன்களை இழக்கிறார்கள். கடையில் விற்கும் பிளாஸ்டிக் உருண்டைகளும் பெரும்பாலும் இந்தக் குறை உள்ளவையே.

தடிக்கு முற்றிய மூங்கில் பத்து முதல் பன்னிரண்டு அடி வேண்டும். வெட்டிய உடனே பாவிக்காமல், நுனி கீழே இருக்கும்படி நிழலில் தொங்கவிட்டு, நுனியில் ஒரு கல்லையும் கட்டிச் சில கிழமைகள் விட்டால் நேராகக் காயும். வளைவு மிஞ்சினால் தணலின் மேல் காட்டிச் சூடாக இருக்கும்போதே நிமிர்த்தலாம். தங்கூசியை நுனியில் மட்டும் முடிந்து விடாதீர்கள்: தடியின் நடுப்பகுதியில் கட்டி, அங்கிருந்து நுனிவரை தளரச் சுற்றிக் கொண்டுபோய், நுனியிலும் ஒரு முடிச்சுப் போடுங்கள். நுனி முறிந்தாலும் மீனும் தங்கூசியும் கையோடு இருக்கும். மீன் வாயில் முள்ளோடும் அறுந்த தங்கூசியோடும் போவது நமக்கு இழப்பு மட்டுமல்ல, அந்த மீனுக்கு நெடுநாள் வேதனையும்கூட.

தடி எட்டாத தூரத்துக்குக் கைத்தூண்டில் இருக்கிறது. இதற்குச் சிலர் பால்மாப் பேணியைப் பாவிக்கிறார்கள். பேணியின் விளிம்பு தங்கூசியைச் சுரண்டும் என்பதால் ஒரு லீற்றர் சோடாப் போத்தலே மேல் என்பது என் முடிவு. போத்தலின் உடலில் தங்கூசியின் ஒரு முனையை இறுகக் கட்டி, நாற்பது ஐம்பது அடியை ஒழுங்காகச் சுற்றிக்கொள்ளுங்கள். எறியும்போது இடக்கையால் போத்தலின் அடிப்பக்கத்தைப் பிடித்து, கழுத்துக் குளத்தைப் பார்க்கும்படி நீட்டி, வலக்கையால் பாரத்தைச் சுழற்றி விட்டால், தங்கூசி குறுகிய கழுத்துப் பக்கமாக வளையம் வளையமாக வழுக்கிக்கொண்டு போகும். மூடியை இறுக்கி வைத்தால், கை நழுவி நீரில் விழுந்தாலும் மிதக்கும். எறிவதற்கு முன் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள்.

இந்தப் போத்தல் தூண்டிலோடு சேர்த்துத்தான் கொடியைச் செய்ய வேண்டும். உறைந்த ஏரியில் தடி அறைய முடியாததால், அங்குள்ளவர்கள் இரண்டு பலகைத் துண்டுகளைச் சிலுவையாகப் பிணைத்துத் துளையின் குறுக்கே வைக்கிறார்கள். நாமும் அதையே செய்ய வேண்டும், காரணம் வேறானாலும்: குளக்கட்டில் தடி அறைவதும் குழி தோண்டுவதும் கட்டைப் பலவீனப்படுத்தும் செயல்கள், ஊர் முழுவதன் வயலும் அந்தக் கட்டை நம்பியே இருக்கிறது. ஆகவே இரண்டு அடிப் பலகைகள் இரண்டைக் குறுக்காக ஆணியடித்து, நடுவில் இரண்டடி உயரத்தில் ஒரு நிமிர்ந்த சட்டத்தை நிறுத்தி, அடியில் கல் வைத்து அமர்த்துங்கள். பழைய குடையின் கம்பியொன்றை அந்தச் சட்டத்தின் உச்சியில் இறுகக் கட்டி, அதன் நுனியில் சிவப்புத் துணியை முடிந்துவிட்டால் கொடி ஆயிற்று. அது இயல்பாக நிமிர்ந்து நிற்கும். நாம் அதைத் தரைப்பக்கமாக வளைத்துப் பூட்டி வைக்க வேண்டும்.

பூட்டுக்குச் சைக்கிள் சில்லுக் கம்பியில் ஆறு அங்குலம் போதும். மேலிருந்து இரண்டு அங்குலத்தில் ஒரு சிறு வளையம் வளைத்து, அதற்குள்ளால் ஆணியைச் செலுத்திச் சட்டத்தின் பக்கவாட்டில் அடித்தால், கம்பி அந்த ஆணியில் தளர்ந்து ஊசலாடும். மேல்முனையைச் சற்றே கொக்கியாக மடித்து, வளைத்த குடைக்கம்பியை அதன் கீழே மாட்டுங்கள். நான்கு அங்குலம் உள்ள கீழ்முனை நேராகவும் வழவழப்பாகவும் இருக்க வேண்டும். எறிந்த தங்கூசியில் ஒரு சிறு மடிப்பு எடுத்து அந்த முனையில் தளரக் கோத்துவிட்டு, மிகுதித் தங்கூசியோடு போத்தலைக் கழுத்துக் குளத்தைப் பார்க்கக் கல்லிடையே படுக்க வையுங்கள். மீன் இழுத்ததும் கீழ்முனை குளத்துப் பக்கம் போக, மேல்முனை விலகி, கொடி துள்ளி நிமிரும்; தங்கூசி மடிப்பு வழுக்கி விடுபட, மீன் தடையில்லாமல் இரையோடு சிறிது ஓடும். கீழ்ப்பகுதி மேற்பகுதியைப் போல இருமடங்கு நீளம் என்பதால் மீன் செலுத்த வேண்டிய விசை பாதியாகிறது. கொக்கி உராயும் இடத்தில் மெழுகுதிரியைத் தேய்த்தால் இன்னும் இலகுவாகும்.

பூட்டுச் சரியா என்பதை வீட்டு முற்றத்திலேயே சோதிக்கலாம். தங்கூசியை ஒரு கதிரையின் மேலால் போட்டு, நுனியில் ஒரு முழுத் தேசிக்காயைக் கட்டித் தொங்கவிடுங்கள். தேசிக்காயின் பாரத்துக்குக் கொடி நிமிர வேண்டும். தேசிக்காயை எடுத்துவிட்டுச் சட்டத்தை ஆட்டினால் நிமிரக்கூடாது. இது விராலுக்கும் கெளிறுக்கும் உரிய கருவி. திலாப்பியாவின் கடி இதை அசைக்காது. இரண்டு கொடிகளுக்கு மேல் வைக்காதீர்கள், அவற்றை விட்டுவிட்டு வீட்டுக்கும் போகாதீர்கள். ஆளில்லாத தூண்டிலில் ஆமையும் நீர்க்காகமும் மாட்டிச் சாகின்றன. அறுந்த தங்கூசி நீரில் உக்காமல் ஆண்டுக்கணக்கில் கிடக்கும்.

கொடியின் மிகப் பெரிய பயன் ஒன்றை மச்சானின் ஊரில் எண்ணியிருக்கமாட்டார்கள்: அது நம்மை நீரிலிருந்து தள்ளி இருக்க வைக்கிறது. நம் குளங்களில் முதலை உண்டு. கொடியைப் பார்த்துக்கொண்டு கட்டின் மேல் மர நிழலில் இருக்கலாம். முழங்கால் நீரில் நிற்க வேண்டியதில்லை. பிடித்த மீனை நீரோரத்தில் வெட்டிக் கழுவுவதையும், மீன் கோத்த கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு நீரில் இறங்குவதையும் விட்டுவிடுங்கள். காட்டோரக் குளங்களுக்கு மாலையில் யானை நீரருந்த வரும் என்பதால் பொழுது சாய்வதற்கு முன் சாமான்களைக் கட்டிவிட வேண்டும். மச்சானுக்கும் ஒரு சொல்: ஒருவர் நடந்து செல்லவே தெளிந்த, உறுதியான பனிக்கட்டி குறைந்தது நான்கு அங்குலம் தடித்திருக்க வேண்டும் என்பது அங்கே பொதுவாகச் சொல்லப்படும் அளவு. வெண்மையாக, நுரைத்தாற்போல் தெரிந்தால் அந்த அளவும் போதாது.

அடுத்ததாக வலையும் பின்னலாமா என்று கேட்கத் தோன்றும். தூண்டிலோடு நிற்கும்படி நான் வேண்டிக்கொள்வேன். குளத்தில் வலை போடுவது அங்குள்ள நன்னீர் மீனவர் சங்கத்தாரின் தொழில். தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபையின் ஊடாக விடப்படும் குஞ்சுகள் வளர்ந்து வருவதை நம்பியே அவர்கள் இருக்கிறார்கள். தங்கூசியால் பின்னிய வலைக்கு நாட்டில் தடை உண்டு. வெடியும் நஞ்சும் 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீரியல் வளச் சட்டத்தின்படி குற்றம். தூண்டிலுக்கும்கூடச் சங்கத்தாரிடம் முதலில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வலை எங்கே படுத்திருக்கிறது என்பதையும் அவர்களே சொல்வார்கள், உங்கள் முள் அதில் சிக்காது. விராலைப் பொறுத்தவரை, செம்மஞ்சள் நிறக் குஞ்சுகள் திரளாக மேலே வந்து வந்து போகும் இடத்தில் தூண்டில் போடவே கூடாது. தாய் தந்தை மீன்கள் கீழே காவல் நிற்கும். எது அருகில் வந்தாலும் பாயும் என்பதால் அவற்றைப் பிடிப்பது மிக இலகு. பிடித்த மறுகணமே குஞ்சுத் திரள் மற்ற மீன்களுக்கு இரையாகிவிடும். சிறிய மீனைத் திருப்பி விட எண்ணுகிறவர்கள், முள்ளின் நுனிக்குக் கீழே பின்னோக்கி நீண்டிருக்கும் எதிர்ச்செதிலைக் குறடால் நசுக்கிவிட்டால் முள் காயமின்றிக் கழன்று வரும்.

காலத்தைப் பற்றி: மாரியில் குளம் வான் பாயும்போது நீர் கலங்கிப் பரந்திருப்பதால் தூண்டிலுக்கு அவ்வளவாக வாய்க்காது. சிறுபோகத்துக்குத் துருசு திறந்து நீர் இறங்கத் தொடங்கிய பின்னரே மீன் செறிந்து நிற்கும். அந்த மாதங்களில் சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று பலமாக வீசும் என்பதால் மேற்கு, தென்மேற்குக் கரையில், காற்று முதுகில் படும்படி அமருங்கள். அங்கே நீர் அலையாமல் இருக்கும், ஈர்க்கின் முனையும் தெளிவாகத் தெரியும். திலாப்பியா பகலில் இரையெடுக்கும் மீன். காலை வெயில் ஏறிய பின், பாணையோ கோதுமை மாவையோ தேங்காய்ப் பிண்ணாக்கோடு பிசைந்து மிளகளவு உருட்டி, முள்ளின் நுனி மறையும்படி வைத்தால் போதும். வீட்டுக்கு வந்ததும் முள்ளை நன்னீரில் கழுவித் துடைத்துத் தேங்காயெண்ணெய் தடவி வையுங்கள். தங்கூசியின் கடைசி மூன்று அடியை இரு விரல்களுக்கிடையே இழுத்துப் பார்த்து, சொரசொரப்பாக உணரும் இடம்வரை வெட்டி எடுத்து, வெட்டிய துண்டை அடுப்பில் இடாமல் குப்பையோடு சேர்த்துக் கட்டிவிட்டு, முள்ளைப் புதிதாக முடியுங்கள்.